கேட்டால் ஒன்றே ஒன்று: பெங்களூரும் ஒற்றை ஃபோட்டான் மூலங்களும்

1984 டிசம்பரில் பெங்களூரில் கணினி, சமிக்ஞைத் துறை ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடு ஒன்று நடந்தது. அதன் தொகுப்பில் 175-ஆம் பக்கம் தொடங்கி 179-இல் முடிகிறது ஒரு கட்டுரை. எழுதியவர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் சார்லஸ் பென்னட், மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிரசார்ட். விருப்பமான தலைப்பில் பேசலாம் என்று பிரசார்டுக்கு வந்த அழைப்பை வைத்துக்கொண்டு இருவரும் தங்கள் யோசனையை இங்கே அரங்கேற்றினார்கள். ஒளியின் ஒற்றைத் துகள்களில் ரகசியச் சாவியை ஏற்றி அனுப்பினால், இடையில் ஒட்டுக்கேட்பவர் தடயம் விடாமல் தப்ப முடியாது என்பதே அதன் சாரம். பிபி84 என்ற பெயரில் இன்று குவாண்டம் தகவல்தொடர்பின் பாலபாடமாக இருப்பது அந்த ஐந்து பக்கம்தான்.

அந்த ஐந்து பக்கமும் ஒரு பொருள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. வேண்டும்போது ஒரு ஃபோட்டான் தரும், ஒருபோதும் இரண்டு தராத ஒளிமூலம். அன்று அது யாரிடமும் இல்லை. இன்றைக்கும் குறையில்லாமல் யாரிடமும் இல்லை. ஒளிசார்ந்த குவாண்டம் தொழில்நுட்பத்தில் உலகெங்கும் எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் கணிசமானவை இந்த ஒரு குறையைச் சில சதவீதம் குறைக்கும் முயற்சிகளே. செய்தித்தாளில் இடம்பிடிப்பவை குவாண்டம் கணினியும் செயற்கைக்கோளும். எனக்கென்னவோ விஷயத்தின் சிரமமும் சுவாரசியமும் மூலத்தில்தான் இருப்பதாகப் படுகிறது.

மாநாடு நடந்த ஊரிலேயே, மல்லேஸ்வரத்தை ஒட்டி, இந்த வேலை நடக்கிறது. 18-வது கிராஸைத் தாண்டினால் இந்திய அறிவியல் கழகம். பழைய குடிகளுக்கு அது இன்னும் டாட்டா இன்ஸ்டிட்யூட். சாங்கி ஏரிக்கு அப்பால் சதாசிவநகரில், மேக்ரி சர்க்கிளுக்குப் பக்கத்தில், சர் சி.வி. ராமன் 1948-இல் தொடங்கிய ராமன் ஆராய்ச்சிக் கழகம். ராமன் வாழ்ந்த பஞ்சவடி இல்லம் மல்லேஸ்வரத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கே ராமனின் பெயர் முகவரிக்காக மட்டும் வரவில்லை. அவருக்கு நோபல் பரிசு தந்த அதே நிகழ்வு ஒளியிழைகளில் ஃபோட்டான் தேடும் மாணவர்களுக்குப் பெரும் இடைஞ்சல். அதைச் சொல்வதற்கு முன், ஒரு ஃபோட்டானைப் பெறுவது ஏன் இத்தனை கஷ்டம் என்பதைப் பார்த்துவிடலாம்.

லேசர் ஒளியை மங்கவைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு ஃபோட்டான் மிஞ்சும் என்று தோன்றும். மிஞ்சாது. லேசர் துடிப்பில் ஃபோட்டான்களின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும். சராசரியாகத் துடிப்புக்கு 0.1 ஃபோட்டான் என்ற அளவுக்கு மங்கவைத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு துடிப்பு வெறுமையாகப் போகும். ஒன்பதில் ஒரு ஃபோட்டான் இருக்கும். அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த அரை சதவீதம் போதும் திருடனுக்கு. இரண்டில் ஒன்றைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவான். இன்னும் மங்கவைத்தால் இரட்டைகள் குறையும், வெறுமையோ கூடும். விளக்கை எவ்வளவு திருகினாலும் ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும்.

வேறு வழி, ஃபோட்டான்களை ஜோடியாகப் பிறக்க வைப்பது. சில படிகங்களுக்குள் ஊதா லேசர் ஒளியைச் செலுத்தினால், அபூர்வமாக ஓர் ஊதா ஃபோட்டான் மறைந்து, அதன் ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்கள் பிறக்கும். 405 நானோமீட்டர் அலைநீளத்தில் போவது 810-இல் இரண்டாக வரும். அபூர்வம் என்றால் எத்தனை அபூர்வம்? ஒரு மில்லிவாட் ஊதா லேசரில் நொடிக்குச் சுமார் 20 கோடி கோடி ஃபோட்டான்கள் இருக்கின்றன. நல்ல அமைப்பில் அவற்றிலிருந்து பயனுக்கு வருபவை சில லட்சம் ஜோடிகள். பர்ன்ஹாமும் வைன்பெர்க்கும் 1970-இல் இந்த ஜோடிகள் ஒரே கணத்தில் பிறப்பதைக் காட்டினார்கள். ஹாங்கும் மாண்டலும் 1986-இல் அதிலிருந்து ஓர் உபாயத்தைப் பெற்றார்கள். ஜோடியில் ஒன்று கண்டறியியில் விழுந்து 'டிக்' என்றால், மற்றது இன்னொரு பாதையில் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் குரல் கேட்டால் திரைக்குப் பின்னால் ராஜா தயாராக நிற்கிறார் என்று தெரிவதுபோல. முதல் ஃபோட்டான் அழிந்து இரண்டாவதை அறிவிக்கிறது. கட்டியம் பெற்ற ஒற்றை ஃபோட்டான் என்று அதைச் சொல்லலாம்.

ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் ஊர்பசி சின்ஹா நடத்தும் குவாண்டம் தகவல், கணிமை ஆய்வகம் இந்த வகை மூலங்களையும், பின்னிப் பிணைந்த ஜோடி மூலங்களையும் இந்தியாவில் நிலைநிறுத்திய முன்னோடிகளில் ஒன்று. 2017-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து குவாண்டம் சாவிப் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் வளாகத்தின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, திறந்த வெளியில் 50 மீட்டர் தூரத்துக்குச் சாவி அனுப்பிக் காட்டியது.

இப்படிப்பட்ட ஆய்வகங்களின் மேசை பார்வைக்கு எளிமையானது. அதிர்வு தாங்கும் பெரிய மேசையில் கட்டைவிரல் அகலப் பெட்டி. அதற்குள் ஓரிரு சென்டிமீட்டர் நீளத்தில், தீக்குச்சியைவிடச் சற்றுத் தடித்த பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் படிகம். பெட்டி உண்மையில் ஓர் அடுப்பு. படிகத்தின் வெப்பநிலை ஒரு டிகிரியின் சிறு பங்கு மாறினாலும் பிறக்கும் ஃபோட்டான்களின் நிறம் நகர்ந்துவிடும். படிகத்தைக் கடந்த ஒளியில் ஊதாவை வடிகட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை லென்ஸ் வழியாக ஒளியிழைக்குள் புகுத்த வேண்டும். இழையின் உள்ளகம் ஐந்து மைக்ரான் சொச்சம். ஃபோட்டான் கண்ணுக்குத் தெரியாது; மாணவருக்குத் தெரிவதெல்லாம் திரையில் ஓடும் எண்கள். திருகாணியை ஒரு மயிரிழை திருப்புவார், எண்ணைப் பார்ப்பார், மறுபடி திருப்புவார். முதல் ஓராண்டின் பெரும்பகுதி இதிலேயே போய்விடுவது சகஜம்.

அந்த எண்களைப் படிப்பதும் ஒரு கலை. இரண்டு பாதைகளிலும் நொடிக்கு ஒரு லட்சம் டிக் பதிவாகிறது, அவற்றில் பதினாயிரம் ஒரே நேரத்தில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கட்டியம் கேட்ட நூறு தடவையில் பத்துத் தடவைதான் ராஜா மேடைக்கு வந்தார். மீதி எங்கே? லென்ஸ் முகப்பில், வடிகட்டியில், இழையின் வாசலில், கண்டறியியின் திறமைக்குறைவில். இந்தப் பத்தை அறுபதாகவோ எழுபதாகவோ ஆக்குவதுதான் ஓர் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம். ஒரே நேரம் என்பதற்கும் ஒரு சாளரம் உண்டு. அது ஒரு நானோநொடி என்றால், மேற்சொன்ன வேகத்தில் நொடிக்குப் பத்து டிக்குகள் தற்செயலாக ஒன்றுசேரும். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

சரி, லேசரின் சக்தியைக் கூட்டினால் ஜோடிகள் கூடாதா? கூடும். கூடவே ஒரே துடிப்பில் இரண்டு ஜோடி பிறப்பதும் கூடும். துடிப்புக்குச் சராசரி 0.1 ஜோடி என்றால், கட்டியம் கேட்ட தடவைகளில் ஏறத்தாழ 9 சதவீதத்தில் ஒன்றுக்கு மேல் வந்து நிற்கும். இழப்பே இல்லாத, எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லும் கண்டறியியே கிடைத்தாலும் இந்த வகை மூலம் ஒன்று, ஒரு துடிப்பில் சரியாக ஒரு ஜோடி தரும் வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டாது. இது கைத்திறனின் குறை இல்லை, இயற்பியல் விதித்த வரம்பு. வரம்பைச் சுற்றிப் போக ஒரு வழி உண்டு. பல மூலங்களையோ பல துடிப்புகளையோ காத்திருக்க வைத்து, எதில் கட்டியம் கேட்கிறதோ அதை மட்டும் வாசலுக்குத் திருப்பிவிடுவது. 2002-இல் மிக்டாலும் சகாக்களும் எழுதிய யோசனை இது. கனேடாவும் குவியட்டும் 2019-இல் ஒரு சுற்றுப் பாதையில் ஃபோட்டானைச் சுழல விட்டு, கேட்ட நேரத்தில் ஒன்று கிடைக்கும் வாய்ப்பை 66.7 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட பதினேழு ஆண்டில் எத்தனை மாணவர்களின் உழைப்பு அந்த எண்ணுக்குள் புதைந்திருக்கிறதோ.

66.7 போதாதா என்று கேட்கலாம். ஒரு ஃபோட்டானுக்குப் போதும். குவாண்டம் கணிப்புக்கோ பல ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் வர வேண்டும், அங்கே வாய்ப்புகள் ஒன்றையொன்று பெருக்கும். ஒவ்வொன்றும் 50 சதவீதம் நிச்சயம் என்றால் பத்தும் சேர்ந்து வருவது ஆயிரத்தில் ஒரு தடவை. 90 சதவீதம் என்றால் மூன்றில் ஒரு தடவை. ஐம்பது ஃபோட்டான் வேண்டுமென்றால் அந்த 90-உம் இருநூறில் ஒன்றாகச் சரிகிறது. மூலத்தில் ஐந்து சதவீதம் முன்னேறினேன் என்று ஒரு மாணவர் சொன்னால் சிரிக்கக் கூடாது. சீனாவின் ஜியுஜாங் குவாண்டம் கணினி 2020-இல் 76 ஃபோட்டான்கள் வரை பதிவு செய்தபோது உலகம் வேகக் கணக்கைப் பேசியது; அதன் வயிற்றில் இருந்தவை 25 படிக மூலங்கள்.

எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து வரும் ஃபோட்டான்கள் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிய முடியாதபடி இருக்க வேண்டும். 1987-இல் ஹாங், ஓ, மாண்டல் மூவரும் காட்டிய சோதனை இதற்கு உரைகல். அச்சு அசலான இரண்டு ஃபோட்டான்கள் பாதி கடத்தும் கண்ணாடியில் இருபுறமிருந்தும் வந்து மோதினால், எப்போதும் சேர்ந்தே ஒரு பக்கமாக வெளியேறும். நிறத்திலோ நேரத்திலோ துளி வேற்றுமை இருந்தால் அந்த ஒற்றுமை கலைந்துவிடும். படிக ஜோடிகளின் பிரச்சினை, அவை நிறத்தில் ஒன்றையொன்று சார்ந்து பிறப்பது. ஒன்று சற்றுச் சிவந்தால் மற்றது சற்று நீலமாகும். கட்டியங்காரனைக் கண்டுகொண்ட கணத்தில் ராஜாவின் தூய்மை கெடுகிறது.

குறுகிய வடிகட்டி போட்டால் தூய்மை வரும், பாதி ஃபோட்டான் போய்விடும். படிகத்தையே திருத்துவது மேலான வழி. படிகத்தின் மின்முனைவைச் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் இடைவெளியில் மாறி மாறித் திருப்புவார்கள். அந்தத் திருப்பங்களைச் சீராக வைக்காமல், ஓரங்களில் விளைவு மெல்லத் தேய்ந்து நடுவில் உச்சம் பெறும்படி கணக்கிட்டு அமைத்தால், வடிகட்டி இல்லாமலே தூய்மை வந்துவிடுகிறது. 2011-இல் கணக்காக எழுதப்பட்டு அடுத்த பத்தாண்டுக்குள் கைக்கு வந்த நுட்பம் இது. சென்ற பத்தாண்டில் இந்தத் துறை கண்ட மிக நேர்த்தியான வேலை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி ராமன். படிகத்திலிருந்து இழைக்குள் ஃபோட்டானைப் புகுத்துவதுதானே பாதி இழப்பு? இழைக்குள்ளேயே பிறக்க வைத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாக வரும். கண்ணாடி இழையில் இரண்டு லேசர் ஃபோட்டான்கள் மறைந்து, ஒன்று சற்றுக் கூடுதல் அதிர்வெண்ணிலும் மற்றது அதே அளவு குறைவான அதிர்வெண்ணிலும் பிறக்கும். புகுத்தும் சிரமம் மிச்சம். ஆனால் அதே கண்ணாடியின் மூலக்கூறுகள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. லேசர் ஃபோட்டான் ஒன்று அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டுச் சிவந்து வெளியேறும். நம் ஜோடி எந்த நிறத்தில் வர வேண்டுமோ அதே நிறத்தில், ஜோடி இல்லாத அநாதையாக. கண்டறியிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதுதான் ராமன் விளைவு. 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் ராமனும் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனும் வடிகட்டிகளை வைத்துத் துரத்திப் பிடித்தது சிதறும் ஒளியில் சுமார் கோடியில் ஒன்றாக வரும் இதையே. அவர்கள் மற்ற ஒளியை எல்லாம் விலக்கி இதைத் தேடினார்கள். இன்றைய மாணவர் வடிகட்டிகளை அடுக்குவது இதை விலக்குவதற்காக.

சிலிக்கா இழையில் இந்தச் சிதறல் லேசர் அதிர்வெண்ணிலிருந்து சுமார் 13 டெராஹெர்ட்ஸ் தள்ளி உச்சம் பெறுகிறது. கண்ணாடி ஒழுங்கற்ற பொருள் என்பதால் அங்கே மட்டும் நிற்காமல் லேசருக்குப் பக்கத்திலிருந்தே பரவிக் கிடக்கிறது. இழையைத் திரவ நைட்ரஜனில், 77 கெல்வினில், முக்கினால் அதிர்வுகள் அடங்கும். லேசரிலிருந்து ஒரு டெராஹெர்ட்ஸ் தள்ளிப் பார்த்தால் அறை வெப்பநிலையில் இருந்த சிவப்புப் பக்க இரைச்சல் மூன்றில் ஒன்றாகிறது, நீலப் பக்கத்தில் ஐந்தில் ஒன்றாகிறது. முற்றிலும் போகாது. இழைக்குள் காற்றுத் துளைகளை வரிசையாக அமைத்து, ஜோடிகளை ராமன் உச்சத்துக்கு வெகு தூரம் அப்பால் பிறக்க வைப்பது இன்னொரு வழி. பாத், பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2005 வாக்கில் அப்படிச் செய்தார்கள். சிலிக்கானில் ராமன் கோடு 15.6 டெராஹெர்ட்ஸில் ஒற்றை மெல்லிய கோடாக நிற்பதால் ஒதுங்கிப் போவது எளிது. பதிலுக்கு 1550 நானோமீட்டரில் சிலிக்கான் இரண்டிரண்டு ஃபோட்டான்களாக விழுங்கத் தொடங்கும். எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் எர்லாங்கனில் 2015-இல் செய்தது. கண்ணாடியையே தவிர்த்து, நடுவில் குழல்போல் வெற்றிடம் உள்ள இழையில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். தனி அணுக்களான வாயுவில் அதிர்வதற்கு மூலக்கூறு பிணைப்பே கிடையாது. ராமனுக்கு அங்கே வேலை இல்லை.

ராமனின் வட்டாரம் இடைஞ்சலை மட்டும் தரவில்லை. ஃபோட்டானில் தகவலை ஏற்றுவது பெரும்பாலும் அதன் தளவிளைவில், அதாவது அது அதிரும் திசையில்தான். ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்குச் சோதனை ஆதாரம் என்று 1931-இல் கட்டுரை எழுதியவர்கள் ராமனும் எஸ். பகவந்தமும். ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம் 1956-இல், 22 வயதில், ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தபடி தளவிளைவின் வடிவியல் கட்டத்தைக் கண்டார். 1984-இல் மைக்கேல் பெர்ரி பொதுமைப்படுத்திய பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. பெர்ரியே 1987-இல் அதை விரிவாக எழுதினார். ஆய்வகத்தில் அன்றாடம் கைபடுவது இன்னொன்று. ஒளியிழை லேசாக வளைந்தாலே, ஏசி நின்று போனாலே உள்ளே போகும் ஃபோட்டானின் தளவிளைவு திரும்பிவிடும். கால் அலைத்தகடு இரண்டு, அரை அலைத்தகடு ஒன்று, இந்த மூன்றையும் வரிசையாக வைத்துத் திருகினால் எந்தத் திரிபையும் நேராக்கிவிடலாம், மூன்றுக்குக் குறைந்து முடியாது என்று 1990-இல் நிறுவியவர்கள் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமனும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் என். முகுந்தாவும். எந்த நாட்டு ஆய்வகத்திலும் அந்த மூன்று தகடுகள் நிற்கின்றன. அவற்றைத் திருகுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

படிகத்துக்குப் போட்டியான குவாண்டம் புள்ளிகளைப் பற்றி ஒரு பத்தி போதும். காலியம் ஆர்சனைடுக்குள் புதைந்த நானோ அளவு இண்டியம் ஆர்சனைடுத் திட்டு ஒரு செயற்கை அணுபோல நடந்து, ஒரு தூண்டலுக்கு ஒரு ஃபோட்டானே தரும். வாய்ப்பு விளையாட்டு கிடையாது. 2021-இல் பாசல் குழு வாசலில் 57 சதவீதம் எட்டியது. ஆனால் அதைச் சுமார் 4 கெல்வினில் குளிர்விக்க வேண்டும், ஒரு புள்ளி மற்றொரு புள்ளியைப் போல இருக்காது. இரண்டு மூலங்களின் ஃபோட்டான் ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையில் படிகம்தான் இன்னும் சமாளிக்கிறது.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாவிப் பரிமாற்றத்துக்கு ஒற்றை ஃபோட்டான் கட்டாயமே இல்லை. வெவ்வேறு மங்கலில் பொய்த் துடிப்புகளைக் கலந்து அனுப்பினால் திருடன் மாட்டிக்கொள்வான் என்ற உத்தி 2003 முதல் 2005-க்குள் முழுமை பெற்றது. அதன்பிறகு சாதாரண மங்கலான லேசரே போதும் என்றாகிவிட்டது. அது சரிதான். ஆனால் பின்னிப் பிணைந்த ஜோடிகளை அது தராது. அந்த ஜோடிகள் இல்லாமல், தூரத்தைக் கட்டம் கட்டமாக நீட்டும் குவாண்டம் ரிப்பீட்டர் இல்லை; ரிப்பீட்டர் இல்லாமல் கண்ணாடி இழையில் பயன்படும் வேகத்தில் நெடுந்தூரம் போக வழியில்லை. லேசர் உத்தியும் ராமனிடமிருந்து தப்பவில்லை. 2022 பிப்ரவரியில் ஐஐடி டெல்லியும் டிஆர்டிஓவும் பிரயாக்ராஜ் முதல் விந்தியாசல் வரை, ஏற்கெனவே புதைத்த வணிகத் தர இழையில், 100 கிலோமீட்டருக்கு மேல் சாவி அனுப்பின. அதே இழையில் இணைய டிராஃபிக்கும் ஓடினால், அந்தப் பலத்த ஒளி சிந்தும் ராமன் ஃபோட்டான்கள் மெல்லிய குவாண்டம் சமிக்ஞையை மூழ்கடிக்கும். டேட்டாவை 1550-இலும் குவாண்டத்தை 1310-இலும் ஓட்டுவது அதனால்தான்.

தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19-இல் ஒப்புதல் தந்தது. எட்டு ஆண்டுக்கு ரூ. 6,003.65 கோடி. கணிமைக்கு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், தகவல்தொடர்புக்கு ஐஐடி மெட்ராஸ், அளவியலுக்கு ஐஐடி பம்பாய், பொருட்களுக்கு ஐஐடி டெல்லி என்று நான்கு மையங்கள். இலக்குகள் 50 முதல் 1,000 வரை கியூபிட், 2,000 கிலோமீட்டர் செயற்கைக்கோள் தொடர்பு என்று எண்ணிப் பார்க்க வசதியாக எழுதப்பட்டிருக்கின்றன. மூலத்தின் 66-ஐ 70 ஆக்குவது அப்படி ஒரு வரியில் எழுதும் இலக்காக அமையாது. நடுவில் மாட்டிக்கொள்வது அந்த நான்கு சதவீதம்தான். இயக்கத்தின் பணம் ஆய்வகத்தை எட்டி, வெளிநாட்டிலிருந்து படிகமும் கண்டறியியும் வந்து இறங்கி, அதன்பிறகு சேரும் மாணவருக்கு ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். அவர் ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது 2031 வாசலுக்கு வந்திருக்கும். வாங்கிய படிகத்தைப் பழக்குவது அவருடைய ஆய்வேட்டில் முடியும். படிகத்தை இங்கேயே வடிவமைத்து முனை திருப்புவது அவருக்கு அடுத்து அதே மேசைக்கு வருகிறவரின் வேலை, அவருக்கான நிதி இன்னும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.